கழியிலிருந்து ஒரு மாய உலகம்: வடசென்னையில் நின்றபடி மிகுபுனைவு எழுதவும் வரையவும் முழுமையான வழிகாட்டி

சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மாயக் கதை எழுத நினைப்பவர்களோடும் வரைய நினைப்பவர்களோடும் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நடந்து வருகிறேன். புதிதாக வருகிறவர்களின் நோட்டைத் திறந்தால் அநேகமாகப் பனிமலை இருக்கும், ஓநாய் இருக்கும், கல்கோட்டை இருக்கும். ஆனால் அந்தக் கோட்டையில் இருப்பவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது. கதை நாலாவது பக்கத்தில் நின்றுபோயிருக்கும்.

கற்பனை குறைவாக இருப்பதால் கதை நிற்பதில்லை. செய்கிற வரிசை தப்புவதால் நிற்கிறது. மாயத்தை முதலில் வைத்து, மண்ணையும் பிழைப்பையும் பிறகு தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்தால் வேலை நகரும். எந்த வரிசையில் செய்வது, ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் வருகிறது, எங்கே வழுக்கும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

கோடு போடாத நோட்டு ஒன்று, சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவில். 2பி, 4பி பென்சில்கள். வரைகிறவர் என்றால் சின்ன வாட்டர்கலர் பெட்டி. வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டர், திதி போட்டது. சேற்றில் போனாலும் கவலையில்லாத செருப்பு, தொப்பி, தண்ணீர் பாட்டில்.

பெரிய கேமரா வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். நமக்கு வேண்டியது நடந்துகொண்டிருக்கிற வேலை. நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள், இருபதாவது நிமிடத்தில் யாராவது வந்து “இன்னா கண்ணு வரையறே?” என்று எட்டிப் பார்ப்பார்கள். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

கதையின் முதல் வரிக்கு முன் நான்கு வாரம் ஒதுக்குங்கள். அமாவாசை ஒன்று, பௌர்ணமி ஒன்று, இடைப்பட்ட நாட்கள் எல்லாமே அநேகமாக அதற்குள் வந்துவிடும். இரண்டு வாரத்தில் முடிக்கப் பார்த்தவர்கள் கழியில், அதாவது கடலும் ஆறும் கலக்கிற நீர்ப்பரப்பில், பாதியைத்தான் பார்த்தார்கள்.

2. ஒரே ஒரு கரையைப் பிடியுங்கள்

கும்மிடிப்பூண்டி போகிற புறநகர் ரயிலில் ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து பொன்னேரி வரை போய் வாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். எண்ணூர் தாண்டியதும் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும். அதன் பிறகு அத்திப்பட்டு, மீஞ்சூர், கடைசியில் வயல். நகரம் கழியாகவும் கழி வயலாகவும் மாறுவதை ஒரே பயணத்தில் கண்ணால் பார்த்துவிடலாம்.

பார்த்த பிறகு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். எண்ணூர் முகத்துவாரம், காசிமேட்டில் வலை பின்னுகிற மூலை, புழல் ஏரிக்கரை, பழவேற்காடு என்று எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் ஒன்றே ஒன்று. நாலு இடத்துக்கு ஒவ்வொரு முறை போனவர் நாலு படங்களோடு வருவார். ஒரே இடத்துக்கு நாலு முறை போனவருக்குத்தான் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று தெரியும். கதைக்கு வேண்டியது அந்த மாற்றம்தான்.

நோட்டில் எட்டுப் பக்கங்களுக்குத் தலைப்பு எழுதி வையுங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரு நிலத்தின் கருப்பொருள் என்று தொல்காப்பியம் பெயர் சொல்லி அடுக்குகிற எட்டு இவை. உலகம் கட்டுவதற்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை. நூலில் தெய்வம் முதலில் வருவதால் புதியவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நிரப்புகிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். தொழிலும் உணவும் நிரம்பாமல் எழுதுகிற தெய்வம் கையில் ஆயுதத்தோடு சும்மா நிற்கும். அதனிடம் யாரும் எதையும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஊருக்குள் போகிற முதல் நாளே கரையில் இருக்கிற பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவற்றின் வேலியோரம் போட்டோ எடுக்கப் போகாதீர்கள்.

3. நாட்காட்டி முதலில், கதை பிறகு

என் முதல் கதையில் நாயகி அமாவாசை இரவில் நிலா வெளிச்சத்தில் கழியைக் கடந்தாள். கரையில் ஒரு பெரியவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அமாவாசை அன்னிக்கு நிலா எங்கேர்ந்துப்பா வந்துச்சு?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அன்றிலிருந்து நாட்காட்டி போடாமல் ஒரு வரி எழுதுவதில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற தன் பெரிய மாயக் கதையில் நிலவின் பிறைகளும் பயண நாட்களும் பொருந்தி வரும்படி கணக்குப் பார்த்துத் திருத்தி எழுதினார் என்பதைப் பின்னால் படித்தபோது, அந்தப் பெரியவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது.

ஒரு மாதத்துக்குக் கட்டம் போடுங்கள்: தேதி, திதி, தண்ணீர் வற்றுகிற நேரம், காற்று, அன்று கரையில் நடந்த வேலை.

நம் கரையில் ஒரு நாளில் தண்ணீர் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இன்று காலை ஆறு மணிக்கு வற்றினால், ஒரு வாரத்தில் அதே நேரத்தில் ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது. அஷ்டமியை ஒட்டிச் சிறிது. பெரிய நாட்களிலும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் கழி தட்டையான நிலம். அந்த ஒரு மீட்டரில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளியே வரும். உங்கள் உலகத்தில் ஒரு நாடு ஒரு நாளில் இரண்டு முறை தோன்றி இரண்டு முறை மறைகிறது என்று வைத்துக்கொள்ள எந்த மாயமும் தேவையில்லை.

காற்றுக்குப் பெயர் கேட்டு எழுதுங்கள். வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து. கச்சான் எந்தத் திசைக் காற்று என்பது ஊருக்கு ஊர் மாறும். புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் நீங்கள் நிற்கிற கரையில் கேளுங்கள். அந்த வித்தியாசமே கதையில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்ள இடம் கொடுக்கும்.

பிறகு ஆண்டின் பெரிய கோடுகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போனால் படகுக்கு வண்ணம் பூசுவதும், வலை சீர் செய்வதும், கையில் காசில்லாத பொழுதும் பார்க்கக் கிடைக்கும். நகர முடியாத நாட்களில்தான் ஆட்கள் பழைய கதைகளைச் சொல்கிறார்கள். உங்கள் உலகத்திலும் இப்படி ஒரு ஓய்வுக்காலம் வையுங்கள்.

4. கைகளைப் பாருங்கள்

நான்கு வாரத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அது தொடங்குவதற்கு முன்பே போய், முடிகிறவரை இருங்கள். வலையின் கிழிந்த கண்ணைச் சேர்ப்பது, கருவாடு காயப் போடுவது, உப்பளத்தில் உப்பு வாருவது, ஓலை முடைவது என்று எதுவாகவும் இருக்கலாம்.

நோட்டில் வினைச்சொல்லாக மட்டும் எழுதுங்கள். “அழகான வலை” என்று எழுதினால் அதை அடித்துவிடுங்கள். “இடது கால் பெருவிரலில் நூலை மாட்டுகிறார், வலது கை ஊசியை உள்ளே விடுகிறது, முடிச்சைப் பல்லருகே கொண்டுபோய் இழுக்கிறார்” என்பது பயன்படும். கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது, வாய் என்ன செய்கிறது என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மாயக் கதையில் மந்திரம் சொல்லும்போது ஒருவர் உடம்பால் ஏதாவது செய்தாக வேண்டும். பார்த்த வேலை இல்லாதவர்கள் எல்லோரையும் கையைத் தூக்கி ஒளியை வீச வைக்கிறார்கள். முடிச்சுப் போடுகிற விரலைப் பார்த்தவர் அந்த விரலிலேயே மந்திரத்தை வைப்பார். வாசகர் கேள்வி கேட்காமல் நம்புவார்.

இங்கே நடக்கிற பெரிய பிழை ஒன்று உண்டு. “எளிய மக்கள், எளிய வாழ்க்கை” என்று எழுதிவிட்டு நகர்வது. சேற்றில் எந்த இடம் காலைத் தாங்கும், எந்த இடம் தொடை வரை இழுக்கும் என்று நடக்கும்போதே அறிகிற பெண்ணின் வாழ்க்கையில் எளிமை எங்கே இருக்கிறது? பொருள் குறைவு, அறிவு மிகுதி. அந்த அறிவை எழுதாமல் குறைவை மட்டும் எழுதினால் பாத்திரங்கள் எல்லோரும் வெகுளியாகச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒருவரையும் நான் கரையில் பார்த்ததில்லை.

சேற்றில் இறங்க ஆசை வந்தால் தெரிந்தவர் காலடியின் மேலேயே காலடி வையுங்கள். தனியாக இறங்கவே கூடாது.

5. தண்ணீரின் சுவையை வைத்து வரைபடம்

பெரும்பாலானோர் மலையிலிருந்து வரைபடம் தொடங்குகிறார்கள். இங்கே மலை கிடையாது. நிலம் தட்டை. எது ஒரு இடத்தை இன்னொரு இடத்திலிருந்து பிரிக்கிறது என்றால், தண்ணீரின் சுவை.

கிழக்கே கடல். அடுத்து மணல்திட்டு. பிறகு கழி, கடலும் ஆறும் கலக்கிற உவர்நீர். கரைக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகிற பக்கிங்காம் கால்வாய். அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம். மேற்கே மீஞ்சூர், பொன்னேரி வயல். தென்மேற்கே புழல் ஏரி, குடிக்கிற தண்ணீர். இதற்கெல்லாம் குறுக்கே மேற்கிலிருந்து வந்து எண்ணூரில் கடலைத் தொடுகிறது கொசஸ்தலை ஆறு.

ஒரு தாளைக் குறுக்காக வைத்து, வலது ஓரத்தில் உப்பு, இடது ஓரத்தில் நல்ல தண்ணீர் என்று எழுதுங்கள். நடுவில் எங்கெங்கே சுவை மாறுகிறதோ அங்கே கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் எந்தச் செடி, எந்தப் பறவை, எந்த வேலை என்று நிரப்புங்கள். கண்டல் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூச்சு வேர்களைப் பென்சில் பென்சிலாக மேலே நீட்டியிருக்கும். இதைப் பார்த்த பிறகு, பேசுகிற மரம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அது எதைப் பற்றிப் பேசும் என்பதும் தெரிந்துவிடும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். “ஒரு வற்ற நேரத்துக்குள் நடந்துவிடலாம்”, “தலையில் கூடையோடு என்றால் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும்” என்று எழுதுங்கள். கதாபாத்திரங்கள் நிலத்தை அளப்பது அப்படித்தான்.

6. சோறு

விருந்துக் காட்சியை வைக்காதீர்கள். சேமிப்பை வையுங்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்கள் வரும் என்பதால்தான் வெயில் நாளில் மீன் கருவாடாகிறது. தை மாதத்தில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, காலையில் பழைய சோறு. எதை எடுத்து வைக்கிறார்கள் என்று தெரிந்தால் எதற்குப் பயப்படுகிறார்கள் என்றும் தெரியும். அந்தப் பயம் கதைக்கு வேண்டும்.

7. யாருக்கு எந்த நாள்

பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடையே ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. முறை மாறி மாறி வரும்.

இதைக் கேட்டதும் மாய உலகத்துக்கு அரசன், மந்திரி, படை எல்லாம் தேவையில்லை என்று என்னோடு வந்த சிலருக்குப் புரிந்தது. ஒரு ஏரி, இருபது குடும்பம், ஒரு சீட்டு. அதுவே அரசியல்.

ஆனால் இதை ‘அந்தக் காலத்து ஒற்றுமை’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. பாடு முறையில் பங்கு இருப்பவர்கள் உண்டு, பங்கு இல்லாதவர்கள் உண்டு. பிறப்பும் ஊரும் அதைத் தீர்மானித்திருக்கின்றன. பங்கு இல்லாதவர்களும் அதே கரையில்தான் வாழ்கிறார்கள். கிராமத்தை ஒரே குடும்பமாக வரைகிற மிகுபுனைவில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சீட்டில் பெயர் இல்லாதவர் யார் என்று கேளுங்கள். பல நேரம் அவர்தான் உங்கள் நாயகி.

8. இப்போது மாயம்

ஏழு படி தாண்டியதும்தான் இது. பொறுமையில்லாமல் இங்கே தாவி வந்தவர்கள் மறுபடியும் பனிமலைக்கே போய்விடுகிறார்கள்.

நீங்கள் பார்த்த வேலையில் ஆட்களின் கைக்கு மீறியவை எவை என்று பத்து எழுதுங்கள். காற்று திரும்புவது, முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்வது, இறால் வராமல் போவது, மழை தவறுவது. அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அங்கே மட்டும் மாயம் வேலை செய்யட்டும். எங்கும் வேலை செய்கிற மாயம் எந்த வேலையையும் மதிக்காது.

நான் எடுத்தது முகத்துவாரம். எண்ணூரில் ஆறு கடலைத் தொடுகிற வாய் அவ்வப்போது மணலால் குறுகிவிடும். அப்போது கழிக்குள் ஏற்றமும் வற்றமும் தளர்ந்துபோகும், மீனும் இறாலும் உள்ளே வருவது குறையும். என் கதையில் அமுலு என்று ஒரு பெண். கழியில் இறங்கி இறால் தடவிப் பிடிப்பவள். வாய் அடைபடப் போகிறது என்பது அவளுக்கு மட்டும் மணலின் சத்தமாகக் காதில் விழும். அவ்வளவுதான் அவள் சக்தி. அவளால் மணலை நகர்த்த முடியாது.

அடுத்து விலை. மாயத்துக்கு விலை இல்லையென்றால் கதை இல்லை. இதைப் புரியவைக்கத் திருவொற்றியூர் மகிழ மரத்தைத்தான் காட்டுவேன். தான் மணக்க இருந்த சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் அந்த மகிழின் கீழ் சத்தியம் செய்தார். கோயிலுக்குள் சத்தியம் செய்ய நேர்ந்தால் இறைவன் அந்த நேரம் மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று அவர் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் சங்கிலியார் பக்கம் சத்தியத்தை மரத்தடியிலேயே கேட்டுவிட்டார்கள். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் தெரியாமல் போனது. பெரியபுராணம் சொல்கிற கதை. மரம் ஒன்று, சொல் ஒன்று, எல்லை ஒன்று, விலை ஒன்று. நான்கும் கையால் தொடக்கூடிய இடத்தில் இருக்கின்றன. இந்த அளவு இறுக்கம் வேண்டும்.

நான் முதலில் வைத்த விலை இது: மணலின் சத்தத்தைக் கேட்ட நாளெல்லாம் அமுலுவுக்கு நல்ல தண்ணீரும் உப்புக் கரிக்கும். வரைபடத்தைச் சுவையால் போட்டிருந்ததால் வந்த யோசனை. இது போதவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. கடைசிப் படியில் சொல்கிறேன்.

தெய்வப் பக்கத்தை இப்போது நிரப்பலாம். ஒரு கட்டுப்பாடு: கரையில் மக்கள் கும்பிடுகிற அம்மனையோ கன்னிமாரையோ எடுத்து உங்கள் கதையின் பூதமாக்காதீர்கள். அது அவர்களுடையது. உங்கள் உலகத்தில் இருப்பவர்கள் கைக்கு மீறிய எதை நோக்கிக் கும்பிடுவார்கள் என்று பார்த்து, புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

9. புகைபோக்கியை அழிக்காதீர்கள்

வரைகிறவர்கள் பெரும்பாலும் இங்கே சறுக்குகிறார்கள். கழி, படகு, கொக்கு எல்லாம் அச்சாக வரும். பின்னால் நிற்கிற அனல்மின் நிலையப் புகைபோக்கி மட்டும் படத்தில் இருக்காது. கேட்டால், “அது இயற்கை இல்லையே” என்பார்கள்.

டோல்கீனின் கதையில் வருகிற ஷயர் என்ற நாட்டுப்புறத்துக்குப் பின்னால் இருப்பது இங்கிலாந்தின் சேர்ஹோல். 1896 முதல் 1900 வரை அவர் சிறுவனாக வாழ்ந்த இடம். அங்கே ஒரு மாவு ஆலை, குளம், வயல். அது தொலைதூர மலைநாடு அல்ல. பர்மிங்காம் என்ற பெரிய தொழில் நகரத்தின் விளிம்பு. பின்னாளில் நகரம் அதை விழுங்கியது. 1988-இல் வந்த டோட்டோரோ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்துக்குப் பின்னால் இருப்பவை சயாமா குன்றுகள், டோக்கியோவை ஒட்டியவை. மாயக் கதைகளில் நாம் பார்க்கிற நாட்டுப்புறம் பல நேரம் நகரத்தின் சத்தம் கேட்கிற தொலைவில் இருந்தது. இழக்கப் போகிறோம் என்பது தெரிந்த கண்தான் ஒவ்வொரு புல்லையும் அப்படிப் பார்க்கும். எண்ணூரும் அதே விளிம்புதான்.

அதனால் புகைபோக்கியை உள்ளே விடுங்கள். சாம்பல் குழாய் உடைந்து கழியில் படிந்த சாம்பலை விடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் பரவியபோது படகுகளின் பக்கத்திலும் கண்டல் வேரிலும் படிந்த கறுப்பை விடுங்கள். கரையோரத்தில் கொட்டியிருக்கிற கற்களையும் விடுங்கள். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. அந்தக் கற்கள் அதற்காகத்தான். கடல் தின்ற தெரு என்பது இங்கே உவமை கிடையாது.

மறுபக்கப் பிழையும் உண்டு. புகைபோக்கியை அப்படியே அரக்கனாக்கி, கொம்பு வைத்துவிடுவது. கரையில் பேசிப் பாருங்கள். அண்ணன் கடலுக்குப் போவார், தம்பி கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போவார். கழியைக் கெடுப்பதும் அரிசி வாங்கக் காசு கொடுப்பதும் ஒரே இடம். உங்கள் அரக்கனுக்கு அமுலுவின் தம்பியே விறகு சுமக்கட்டும். இரவில் இருவரும் ஒரே பானையில் சாப்பிடட்டும். அந்தச் சாப்பாட்டுக் காட்சியை எழுத முடிந்தால் மற்ற காட்சிகள் கஷ்டமாக இருக்காது.

10. பெயர்கள்

‘எல்’, ‘ரியா’ என்று முடிகிற பெயர்கள் வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களின் வாலைப் பாருங்கள்: குப்பம், பாக்கம், வாக்கம், பட்டு, பேட்டை, பள்ளி. தலையில் ஒரு மரமோ தண்ணீரோ இருக்கும். தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுப்பள்ளி. அதே முறையில் நீங்களும் கட்டலாம்: உமரிப்பாக்கம், வற்றலூர். வாசகர் நிலத்தை உடனே பார்த்துவிடுவார்.

அகராதியில் எடுத்த பறவைப் பெயரைக் கரையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் அவர்கள் சொல்கிற பெயரை எழுதுங்கள்.

11. நிறம்

எழுதுகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து விடியலில், உச்சியில், சாயங்காலத்தில், இருட்டிய பின் என்று நாலு சின்னப் படம். உள்ளங்கை அளவு போதும்.

டியூபில் வருகிற பச்சையை அப்படியே எடுக்காதீர்கள். கண்டலின் பச்சை மங்கல்; இலையின் அடிப்பக்கம் வெளிறிய சாம்பல். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் ஓக்கர் கலந்தால் அந்தப் பச்சைக்குக் கிட்டே வரும். சேறு பழுப்பு என்று நினைத்து வருவார்கள். உட்கார்ந்து பார்த்தால் நீலம் கலந்த சாம்பல். அதே அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா சேருங்கள், கிடைக்கும். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தூரத்தில் இருப்பவை வெளுத்துப்போகும். புகைபோக்கியைக் கறுப்பாகப் போட்டால் அது படத்தைவிட்டு முன்னே வந்து நிற்கும். வெளிறிய சாம்பலில் போடுங்கள். வானத்தில் கரைந்து, பூதம் மாதிரி தானாகவே நிற்கும்.

மாயப் பொருளையும் இதே நிறங்களில்தான் வரைய வேண்டும். ஒளிர்கிற ஊதா எங்கிருந்தோ வந்து ஒட்டினால் அது இந்த மண்ணின் மாயம் இல்லை என்று கண் உடனே சொல்லிவிடும்.

12. கரையில் வாசித்துக் காட்டுங்கள்

வரைவு முடிந்ததும் நண்பர்களுக்கு அனுப்பும் முன், அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய் வாசியுங்கள். “நல்லாருக்கா?” என்று கேட்காதீர்கள்; நல்லாருக்கு என்பார்கள். “இதுல எது நடக்காது?” என்று கேளுங்கள். நிதானமாக யோசித்துச் சொல்வார்கள்.

இறால் தடவுகிற ஒரு ஆயாவிடம் அமுலுவின் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். பிடித்த இறாலைப் போடுகிற பறி என்ற கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் கழியில் குனிந்து தடவுகிறாள், மணலின் சத்தம் கேட்கிறது, நிமிர்ந்து கரையைப் பார்த்துக் கத்துகிறாள். தூரத்துக் கரையிலிருந்து முதுகை மட்டும் பார்த்து எழுதியது அது. கை, கால், வாய் மூன்றையும் பாருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் நானே வாயைப் பார்க்கவில்லை.

ஆயா சொன்னார்: “பறிய இடுப்புல கட்டுனா, முட்டி போட்டு போவசொல்ல தண்ணிக்குள்ள பூடும் கண்ணு. வாய்ல கடிச்சிக்கினுதான் போவோம். ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கும்.”

பனையோலையில் முடைந்த பறி பல்லுக்கு இடையில் இருக்கும்போது கத்த முடியாது. கத்த வேண்டும் என்றால் பறியை விட வேண்டும். விட்டால் காலையிலிருந்து பிடித்த இறால் ஆற்றோடு போகும். நல்ல தண்ணீர் கரிப்பது என்று நான் வைத்திருந்த விலையை அன்றே அடித்துவிட்டேன். மறுநாள் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்: அமுலுவுக்குச் சத்தம் கேட்கிறது, பறியில் பாதி நிறைந்திருக்கிறது, அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.